நரைமுடி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நரையைப் பற்றி நாலு பேர் கேட்டால் அதில் மூன்று கேள்வி ஒன்றாகவே இருக்கும். அப்படி வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை அடுக்கியிருக்கிறோம். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. கேள்வி எண்ணைப் பார்த்துப் போய் வாருங்கள்.

1. முடிக்குக் கறுப்பு எங்கேர்ந்து வருது?

வேரிலிருந்து. தலைத்தோலுக்கு அடியில், மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு முடிக்கும் ஒரு வேர்க்குழி உண்டு. அதன் அடிப்பகுதி சின்ன வெங்காயம் போலப் பருத்திருக்கும். அங்கே ஒரு வகைச் செல்கள் கெரட்டின் என்ற புரதத்தால் முடியின் தண்டைக் கட்டுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, மணிமணியாகக் கட்டித் தண்டுச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அந்த வேலையை நடத்தும் டைரோசினேஸ் என்ற என்சைமுக்கு (நொதிக்கு)ச் செம்பு தேவை. மெலனினில் கறுப்பு, பழுப்பு தருவது யூமெலனின். செம்மை, மஞ்சள் தருவது ஃபியோமெலனின். நம்மூர்த் தலைகளில் முதல் வகைதான் மிகுதி.

நிறத்தை வாங்கிக்கொண்ட செல்கள் மேலே தள்ளப்பட்டு, இறுகி, செத்துப்போகின்றன. வெளியே நாம் சீவுவது அந்த உயிரற்ற தண்டைத்தான். வெளியே வந்த பிறகு அதற்குள் வேரிலிருந்து நிறம் ஏறவும் செய்யாது, வேருக்குத் திரும்ப இறங்கவும் செய்யாது. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. சரி, வயசானா அந்தக் கறுப்பு ஏன் நின்னுபோகுது?

தலைமுடி நிற்காமல் வளர்வதில்லை. 2 முதல் 6 ஆண்டு வளரும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும். சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். அதே குழியில் புதிது முளைக்கும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அந்தச் சுற்றில் உழைத்த நிறமிச் செல்கள் மடிந்துவிடும். அடுத்த சுற்றுக்குப் புதியவை, குழியின் மேல்பாதியில் ஒதுங்கியிருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து வர வேண்டும். அந்த ஸ்டெம் செல்கள்தான் விதைநெல். ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் எடுத்து விதைத்து, மிச்சத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். வயது ஏற ஏற இந்தப் பத்திரப்படுத்தல் தவறுகிறது. எமி நிஷிமுராவும் டேவிட் ஃபிஷரும் சேர்ந்த ஆய்வுக் குழு 2005-இல் இதை எலிகளிலும் மனிதத் தலைத்தோலிலும் காட்டியது. தண்டு கட்டும் செல்களுக்கான விதைநெல் தனி. அதனால்தான் நிறம் நின்ற பிறகும் முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு காரணமும் கூடவே நடக்கிறது. மெலனின் தயாரிப்பே சூடான தொழில். கழிவாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இளமையில் கேட்டலேஸ் என்ற என்சைம் அதை உடனுக்குடன் உடைத்துவிடும். நரைத்த முடிகளில் கேட்டலேஸ் குறைந்து, பெராக்சைடு தேங்கி, டைரோசினேஸை முடக்குவதை 2009-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. முடியை வெளுக்கப் பார்லரில் பூசுகிறார்களே, அதே பெராக்சைடுதான்.

3. நரைமுடி வெள்ளையா, சாம்பலா?

தனி முடியாக எடுத்தால் பெரும்பாலும் இரண்டுமில்லை, நிறமற்றது. கல்லுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல் கண்ணாடி மாதிரி இருக்கும், குவித்தால் வெள்ளை. நிறமி இல்லாத கெரட்டின் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. சாம்பல் நிறம் கறுப்பும் வெள்ளையும் கலந்து கிடப்பதால் வரும் தோற்றம். நிறமி குறைந்து, இன்னும் முழுதாக நிற்காத முடிகளும் சில இருக்கும். சீப்பில் வந்ததைக் கறுப்புத் துணியில் ஒரு முறை, வெள்ளைத் தாளில் ஒரு முறை பரப்பிப் பார்த்தால் மூன்று வகையும் பிரிந்து தெரியும்.

4. எத்தனை வயசுல வந்தா இளநரை?

மருத்துவ வழக்கில் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு 20, ஆசியர்களுக்கு 25, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு 30 வயதுக்கு முன் வந்தால் இளநரை. ஆசியர்களுக்குச் சராசரியாக முப்பதுகளின் பிற்பாதியில் தொடங்கும். 32 வயதில் நாலு வெள்ளை முடி தெரிந்தால் அதை நோய்க்கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஐம்பது வயதில் பாதிப் பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்று ஒரு பழைய கணக்கு புழங்குகிறது. 2012-இல் பல நாடுகளில் நான்காயிரத்துச் சொச்சம் பேரின் தலையைப் பார்த்துச் சரிபார்த்தபோது, 50 வயதில் பாதித் தலை நரைத்தவர்கள் 6 முதல் 23 சதவீதம்தான் இருந்தார்கள். பழைய கணக்கு நம்மை அவசரமாகக் கிழவராக்கிவிட்டது.

5. எங்கப்பாவுக்கு 28லயே நரைச்சிடுச்சு. எனக்கும் அப்படித்தானா?

வாய்ப்பு அதிகம். நரை தொடங்கும் வயதைப் பெரிதும் தீர்மானிப்பது குடும்ப வாகுதான். 2016-இல் லத்தீன் அமெரிக்கர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, ஐ.ஆர்.எஃப்.4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பைக் காட்டியது. மெலனின் தயாரிப்பை நெறிப்படுத்தும் மரபணு அது. ஆனால் அது ஒன்றே முழுக் கதையும் இல்லை. பல மரபணுக்கள் கூட்டாக முடிவு செய்கின்றன. அப்பாவை மட்டும் பார்க்காமல் அம்மா, தாய்மாமன், அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் எந்த வயதில் தொடங்கியது என்று விசாரியுங்கள். இரண்டு பக்கமும் தாமதமாக நரைத்த குடும்பத்தில் உங்களுக்கு மட்டும் 20-இல் வந்தால், கேள்வி 11-க்குப் போங்கள்.

6. தலை கறுப்பா இருக்கு, தாடி மட்டும் ஏன் வெள்ளை?

ஒவ்வொரு வேர்க்குழிக்கும் தனிக் கடிகாரம். தாடிக்கும் தலைக்கும் ஓட்டம் வேறு. தாடி முந்திக்கொள்வது சகஜம். தலையில் ஆண்களுக்குப் பெரும்பாலும் கிருதாவிலும் நெற்றிப்பொட்டு ஓரத்திலும் தொடங்கி உச்சிக்குப் போகும், பிடரி கடைசி. பெண்களுக்கு முன்நெற்றி ஓரத்தில் முதலில் தெரிவது அதிகம்.

7. ஒரு நரையைப் பிடுங்கினா பத்து முளைக்கும்னு பாட்டி சொல்றாங்க…

ஒரு குழி என்ன செய்கிறதென்று அடுத்த குழிக்குத் தெரியாது. பிடுங்கிய இடத்தில் அதே ஒன்றுதான், அதே வெள்ளையாக முளைக்கும். பிடுங்கி மூன்று நான்கு மாதம் கழித்துப் பார்க்கும்போது மற்றவையும் தம் போக்கில் நரைத்திருக்கும்; பழி பிடுங்கிய கைக்கு.

அதற்காகப் பிடுங்கவும் வேண்டாம். திரும்பத் திரும்ப இழுத்தால் குழி புண்ணாகி, கொப்புளம் வரலாம். நாளடைவில் அங்கே முடியே வராமல் போகலாம். உறுத்தினால் சின்னக் கத்தரியால் தோலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

8. டென்ஷன்ல நரைக்கும்ங்கறது உண்மையா?

உண்மை இருக்கிறது. 2020-இல் ஹார்வர்டில் யா-சியே சூ குழு கறுப்பு எலிகளைக் கடும் அழுத்தத்துக்கு ஆளாக்கிப் பார்த்தது. அழுத்தத்தின்போது பரபரப்பு நரம்புகள் வேர்க்குழிக்கு அருகில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது விதைநெல் முழுவதையும் ஒரே நேரத்தில் முளைக்கவைத்துவிடுகிறது. சில நாளில் களஞ்சியம் காலி. அடுத்த சுற்று முடி வெள்ளை.

எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்குமா என்பது தனிப் பேச்சு. அலுவலக எரிச்சலுக்கும் ஆய்வுக்கூடத்து வேதனைக்கும் தூரம் அதிகம். வீட்டில் யாருக்கும் இளநரை இல்லாதவருக்கு, பெரிய நோய், துக்கம், தூக்கமின்மை இவற்றுக்குச் சில மாதம் கழித்து நரை கூடினால் மனஅழுத்தத்தைச் சந்தேகிப்பது நியாயம். புகைபிடிப்பவர்களிடம் இளநரை அதிகம் காணப்படுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

9. ஒரே ராத்திரியில தலை பூரா நரைச்சிடுமா?

கேள்வி 1-இல் சொன்ன காரணத்தால் முடியாது. வளர்ந்து நிற்கும் முடியின் நிறமியை உடம்பால் திரும்ப எடுக்க இயலாது. பிரெஞ்சு அரசி மரீ அன்டோனெட்டுக்கு 1793-இல் கில்லட்டினுக்கு முந்தைய இரவில் நரைத்தது என்ற கதை உலகம் முழுக்க உண்டு.

நடக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. புழுவெட்டு என்று நாம் சொல்லும் நோயில், உடலின் எதிர்ப்புச் சக்தி நிறமுள்ள முடிகளின் வேரையே அதிகம் தாக்கும். வெள்ளை முடியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அது வட்ட வட்டமாக வராமல் தலை முழுக்கப் பரவினால், கறுப்பு எல்லாம் கொட்டி ஏற்கெனவே இருந்த வெள்ளை மட்டும் மிஞ்சும். சில நாள், சில வாரத்தில் ஆள் முழுதாக நரைத்தது போலத் தெரிவார். அப்படி ஆனால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். புழுவெட்டு ஆறும் இடத்தில் புதுமுடி முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுப்பதும் வழக்கம்.

10. ஒரே முடி பாதி கறுப்பு, பாதி வெள்ளையா இருக்கே?

அது அந்த வேரின் நாட்குறிப்பு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். உதிர்ந்த முடியை ஸ்கேல் பக்கத்தில் நீட்டி வையுங்கள். சற்றே உருண்டையான முனை வேர்ப்பக்கம். வேர்ப்பக்கம் 3 செ.மீ. வெள்ளை, மிச்சம் கறுப்பு என்றால், அந்த முடியின் கடைசி மூன்று மாத வளர்ச்சியில் நிறமி வரவில்லை. உதிர்வதற்கு முன் சும்மா இருந்த மூன்று மாதத்தையும் கூட்டினால், நிறம் நின்று ஏறக்குறைய அரை வருடம் ஆகியிருக்கும். நுனி வெள்ளையாகவும் வேர்ப்பக்கம் கறுப்பாகவும் இருந்தால், நின்ற நிறமி திரும்ப வந்திருக்கிறது. அபூர்வம், ஆனால் உண்டு.

நோயும் மருந்தும்கூட இப்படி எழுதிவைக்கும். கடும் புரதக் குறைவால் வரும் குவாஷியோர்க்கர் நோயில், சாப்பாடு கிடைத்த காலமும் கிடைக்காத காலமும் குழந்தையின் முடியில் கரும்பட்டை, வெளிர்ப்பட்டையாக மாறி மாறித் தெரியும். சுனிட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தை விட்டுவிட்டு எடுப்பவர்களுக்கும் இதே பட்டைகள் விழும். குளோரோகுயின் நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு முடி வெளிறும்.

11. பொண்ணுக்கு 19 வயசு, நிறைய நரை. என்ன டெஸ்ட் எடுக்கணும்?

முதலில் வைட்டமின் பி12. இறைச்சி, மீன், முட்டை தொடாதவர்களுக்கும் பாலும் குறைவாகச் சேர்ப்பவர்களுக்கும் இது குறைவது மிகச் சாதாரணம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு, 200-300 எல்லைக்கோடு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுக்கும் பெரியவர்களுக்கும் பி12 இறங்கும். அடுத்து தைராய்டுக்கு டி.எஸ்.எச்., பிறகு ஹீமோகுளோபினும், சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும். இவ்வளவு போதும். ‘ஹேர் பேக்கேஜ்’ என்று நாற்பது சோதனையை ஒன்றாகக் கட்டி விற்பதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

தோலையும் பாருங்கள். ஒரே இடத்தில் கொத்தாக நரைத்து, அதன் அடித்தோலும் வெளுத்திருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். பிறந்ததிலிருந்தே முன்நெற்றியில் ஒரு வெள்ளைக் கற்றை இருந்தால் அது பிறவி வாகு, வேறு விஷயம்.

குறை தெரிந்து சரிசெய்தால் சிலருக்குப் புதுமுடி கறுப்பாக வரும். பலன் கண்ணுக்குத் தெரிய நாலைந்து மாதமாவது ஆகும், ஏனென்றால் வேரிலிருந்து வெளியே வந்து வளர வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் குடும்ப வாகுதான்.

12. பயோட்டின் மாத்திரை போட்டா கறுக்குமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடே அபூர்வம். குறையில்லாதவருக்குக் கொடுத்தால் நரை மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இளநரைக்கு மருத்துவர்கள் எழுதும் கால்சியம் பான்டோதினேட்டுக்கும் ஆதாரம் மெலிதுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும். கேள்வி 11-இல் சொன்ன சோதனைக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

13. காபி, உப்புத்தண்ணி, ஷாம்பு, ஹெல்மெட்… இதுல எதால நரைக்குது?

எதாலும் இல்லை. போர்வெல் உப்புத்தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும். ஹெல்மெட் வியர்வையில் பொடுகு கூடும். வெயில் தண்டை வெளுத்துச் செம்பட்டையாக்கும். வேரிலுள்ள நிறமித் தயாரிப்பை இவை தொடுவதில்லை. காபி குடித்தால் பித்தம் ஏறி நரைக்கும் என்பதற்கும் சான்று இல்லை. இளநரையைப் ‘பித்தநரை’ என்பது பழைய மருத்துவப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு காபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

14. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை எண்ணெய் தேய்ச்சா நரை போகுமா?

எண்ணெய் தண்டுக்கு வழவழப்பும் மினுமினுப்பும் தரும், உடையாமல் காக்கும். எண்ணெய் பட்ட முடி கொஞ்சம் கறுப்பாகவே தெரியும், நனைந்த துணி கறுத்துத் தெரிவதைப் போல. ஆனால் தீர்ந்துபோன விதைநெல்லை எண்ணெய் திருப்பிக் கொடுத்ததாக மனிதர்களில் நிரூபணம் இல்லை. கறிவேப்பிலையைத் தட்டில் ஒதுக்காமல் சாப்பிடுவது நல்ல பழக்கம். நரைக்கு மருந்தென்று எதிர்பார்க்க வேண்டாம்.

15. நெல்லிப்பொடியை இரும்புச் சட்டியில ஊறவச்சுப் போட்டா கறுக்குதே? அது எப்படி?

கறுக்கும், அது சாயம். நெல்லி, கடுக்காய், டீத்தூள் எல்லாவற்றிலும் துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியதும், கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதும் இதே முறைதான். இரண்டு மேசைக்கரண்டி நெல்லிப்பொடியை வெந்நீரில் குழைத்து இரும்புச் சட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் தார் மாதிரி இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் பழுப்பாகவே நிற்கும்.

முடியின் மேல் மட்டும் ஒட்டுவதால் சில குளியலில் மங்கும். அடிக்கடி போட்டால் முடி வறண்டு விறைக்கும். தலையணை உறை கறையாவது தனிக் கணக்கு.

16. மருதாணி போட்டா ஆரஞ்சு ஆகுது. இயற்கையா கறுப்பாக்க வழியே இல்லையா?

இருக்கிறது, இரண்டு தடவை போட வேண்டும். மருதாணியிலுள்ள லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு பிணைந்து வெள்ளை முடியை ஆரஞ்சாக்கும். அதன் மேல் அவுரியின் நீலம் ஏறினால் கண்ணுக்குக் கறுப்பு. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிற அதே அவுரிதான்.

தோள் வரை முடிக்கு 100 கிராம் மருதாணிப் பொடியை வெதுவெதுப்பான டீ டிகாஷனில் குழைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில்லாத முடியில் பூசி 2-3 மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்றோ மறுநாளோ அதே அளவு அல்லது சற்று அதிகமாக அவுரிப் பொடியை எடுத்து, ஒரு சிட்டிகை உப்புடன் வெந்நீர் ஊற்றிக் குழையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். எலுமிச்சை, தயிர் சேர்க்கக் கூடாது. 10-15 நிமிடத்தில், பச்சைக் குழம்பின் மேல் நீலம் படரத் தொடங்கும்போதே பூசிவிட வேண்டும். அதற்கு மேல் ஆறப்போட்டால் சாயம் பாத்திரத்திலேயே முற்றிவிடும், தலைக்குப் பிடிக்காது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஒன்றரை மணி நேரம் விட்டு அலசுங்கள். அலசியவுடன் பச்சை கலந்தாற்போல இருந்தால் பயப்பட வேண்டாம்; காற்றுப் பட்டு ஒன்று, இரண்டு நாளில் கறுக்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம்.

மருதாணி இல்லாமல் அவுரியை மட்டும் பூசினால் நரை நீலமாகத் தெரியும். ‘இயற்கை மருதாணி, 15 நிமிடத்தில் கறுப்பு’ என்று பாக்கெட் சொன்னால் பின்பக்கத்தைப் படியுங்கள். அதில் பெரும்பாலும் பாரா ஃபினைலீன் டையமின் என்ற ரசாயனம் இருக்கும். ஏன் படிக்க வேண்டும் என்பது கேள்வி 18-இல்.

17. டை போட ஆரம்பிச்சா நரை வேகமா கூடுமாமே?

சாயம் வேருக்குப் போவதில்லை; கூடாது. கூடியது போலத் தோன்றுவதற்கு இரண்டு காரணம். டைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் அரை செ.மீ. வெள்ளை, கன்னங்கரேல் என்ற கறுப்புக்குக் கீழே கோடு போட்டாற்போல எட்டிப் பார்க்கும். அதோடு, டையிலுள்ள பெராக்சைடு நரைக்காத முடியின் இயற்கைக் கறுப்பையும் கொஞ்சம் வெளுக்கிறது. சாயம் மங்கும்போது அவையும் செம்பட்டையாகத் தெரியும். அதனால் மாதாமாதம் போடுபவர்கள் புதிதாக வந்த வேர்ப்பக்கத்துக்கு மட்டும் பூசினால் போதும்.

18. பத்து வருஷமா போடற டைதான். இந்தத் தடவை கண்ணெல்லாம் வீங்கிடுச்சு, ஏன்?

கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் உள்ள பாரா ஃபினைலீன் டையமினுக்கு அலர்ஜி எந்த முறை வேண்டுமானாலும் தொடங்கலாம். பத்து வருடம் ஒத்துக்கொண்டது உத்தரவாதமாகாது. அம்மோனியா இல்லை என்று எழுதியிருந்தாலும் இந்தப் பொருள் இருக்கக்கூடும். தலைத்தோலைவிடக் காது, நெற்றி, இமைதான் முதலில் அரித்து வீங்கும். ஒரு முறை வந்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது. கையில் வரையும் ‘கறுப்பு மருதாணி’யும் ஆகாது.

ஒவ்வொரு முறையும் துளி டையையும் டெவலப்பரையும் கலந்து, காதுக்குப் பின்னால் காசளவு பூசி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த டையைத் தூக்கிப் போடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனை. டைப் பொடி, டைத் தண்ணீர் வயிற்றுக்குள் போனால் கழுத்து வீங்கி மூச்சு அடைக்கும்; தசையும் சிறுநீரகமும் கெடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

19. நரைமுடி கம்பி மாதிரி நிக்குது, மஞ்சளா வேற ஆகுது. என்ன பண்றது?

வயதோடு தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் முடி வறண்டு விறைக்கிறது. மெலனின் வெயிலையும் தடுத்துவந்தது. அது போனதால் தண்டு சீக்கிரம் சிதைகிறது. மஞ்சளுக்குக் காரணம் வெயில், சிகரெட் புகை, போர்வெல் இரும்பு, அடர்த்தியான எண்ணெய். வாரம் ஒரு முறை ஊதா ஷாம்புவை இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசினால் மஞ்சள் மட்டுப்படும். பத்து நிமிடம் விட்டால் தலையே கத்தரிப்பூ நிறமாகிவிடும். டை போடுபவர்கள் கிருதாவில் முதலில் தொடங்குங்கள். அங்கே சாயம் பிடிக்க நேரமாகும்.

20. நரைச்ச முடி மறுபடி கறுக்கவே கறுக்காதா?

நரைத்த தண்டு கறுக்காது. நரைத்த வேர் சில சமயம் திரும்பும். 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பிகார்ட் குழு, 14 பேரின் முடிகளை மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நுணுக்கத்தில் அளந்தது. அந்த நீளம் ஏறக்குறைய மூன்று நான்கு மணி நேர வளர்ச்சி. ஒருவர் விடுமுறைக்குப் போன காலத்தில் அவருடைய ஐந்து முடிகள் மறுபடி கறுத்திருந்தன. லட்சம் முடியுள்ள தலையில் ஐந்து. இப்போதுதான் எல்லை தாண்டிய வேர்கள் அப்படித் திரும்பக்கூடும். இருபது வருட நரைக்கு இதை எதிர்பார்க்க முடியாது.

2023-இல் நியூயார்க்கில் மயூமி இட்டோ குழு எலிகளில் இன்னொன்றைக் கண்டது. விதைநெல் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பங்கு களஞ்சியத்திலேயே சிக்கிக்கொண்டு, முளைக்க வேண்டிய இடத்துக்கு இறங்காமல் கிடக்கிறது. முடியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி முதுமையாக்கிய எலிகளில், இப்படிச் செல்கள் சிக்கிய குழிகள் 15 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ பாதியாக உயர்ந்தன. கேள்வி 7-இன் பாட்டிக்கு இதில் சின்ன ஆறுதல்: அடுத்த குழிக்கு இல்லாவிட்டாலும் பிடுங்கிய குழிக்குக் கெடுதல்தான். சிக்கியதை நகர்த்த முடிந்தால் மருந்து பிறக்கலாம். இன்று நரையை மாற்றும் என்று விற்கப்படும் எதுவும் அந்த மருந்து கிடையாது.

21. டையை விட்டுடலாம்னு இருக்கேன். நடுவுல பாதி கறுப்பு, பாதி வெள்ளையா அசிங்கமா இருக்காதா?

கொஞ்ச நாள் இருக்கும். கேள்வி 10-இன் கணக்கைப் போடுங்கள்: ஆண்களின் 4 செ.மீ. கிராப்புக்கு நாலு மாதம், 30 செ.மீ. கூந்தலுக்கு இரண்டரை வருடம். நீளத்தை ஒரேயடியாக விட மனமில்லாதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நுனியில் 3 செ.மீ. வெட்டிக்கொண்டே வரலாம். ஒன்றரை வருடத்தில், 20 செ.மீ.க்குச் சற்றே கூடிய கூந்தலில் பழைய சாயம் ஏறக்குறைய முழுதும் போயிருக்கும். கோடு தெரியும் முதல் ஆறு மாதத்துக்கு நேர்வகிட்டைவிடக் கோணல் வகிடு நன்றாக மறைக்கும்.